முள்ளந்தண்டை அளக்கும் தொலைபேசி: அளவீட்டுக்குப் பின்னர் என்ன?

கையடக்கத் தொலைபேசியே பிள்ளைகளின் கழுத்தையும் முதுகையும் கெடுக்கின்றது என்ற முறைப்பாடு வீடுகள்தோறும் கேட்கின்ற காலத்தில், அதே தொலைபேசியைக் கொண்டு முள்ளந்தண்டின் வளைவை அளந்துவிடலாம் எனக் கூறும் செயலிகளும் வந்து சேர்ந்துள்ளன. இவற்றுட் சில வைத்திய ஆய்வுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. வேறு சில, முதுகின் நிலைக்குப் புள்ளி வழங்கிக் கட்டணப் பயிற்சிகளை விற்பவை. இரண்டும் ஒரே திரையில் அருகருகே காணப்படுவதால் பெற்றோர் அவற்றை வேறுபடுத்தி அறிவது எளிதன்று.

வளரிளம் பருவத்தில் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, தன் அச்சிலும் முறுகிக்கொள்ளும் நிலை ஸ்கோலியோசிஸ் எனப்படுகின்றது. 10 முதல் 16 வயது வரையானோரில் 100 பேருக்கு 2 அல்லது 3 பேரிடம் இது காணப்படுகின்றது. பெரும்பாலானோரில் இதற்கான காரணம் இன்னதெனக் கண்டறியப்படவில்லை. கூனி உட்காருவதோ பாரமான புத்தகப்பையோ இதனை உண்டாக்குவதில்லை. (புத்தகப்பையின் சுமையை நாம் நியாயப்படுத்துவதாக எவரும் கருதவேண்டியதில்லை; அது வேறு விவகாரம்.) சிறு வளைவுகள் இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டாலும், சிகிச்சையை வேண்டிநிற்கும் அளவுக்குப் பெரிதாகும் வளைவுகள் சிறுமியரிடமே பன்மடங்கு அதிகம். தொடக்கத்தில் வலி பெரும்பாலும் இருப்பதில்லை. சீருடை ஒருபக்கம் ஏறி நிற்பதையோ ஒரு தோள் உயர்ந்திருப்பதையோ யாரேனும் கவனிக்கும்போது வளைவு பெரிதும் முற்றிவிட்டிருக்கக் கூடும்.

பிள்ளையை முன்னோக்கிக் குனியச் செய்து, முதுகின் ஒருபுறம் மேடாகத் தெரிகின்றதா என்று பார்க்கும் எளிய சோதனையை 1865இல் ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் அடம்ஸ் விவரித்தார். அந்த மேட்டின் சரிவை அளக்கும் ஸ்கோலியோமீற்றர் என்ற சிறு கருவியை 1984இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் பனல் அறிமுகப்படுத்தினார். அது அடிப்படையில் மேசனின் மட்டக்கோலை ஒத்ததாகும். இன்றைய தொலைபேசிகளின் உள்ளே புவியீர்ப்பின் திசையை உணரும் பொறி இருப்பதால், அதே சரிவைத் தொலைபேசியாலும் அளக்க முடிகின்றது. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடைபெற்று 2012இல் வெளியான ஆய்வொன்று, ஐபோனின் அளவீடு ஸ்கோலியோமீற்றரின் அளவீட்டுக்கு ஈடானது எனக் கண்டது. ஆயினும் அங்கு வெறுந்தொலைபேசி முதுகில் வைக்கப்படவில்லை. நடுவே துருத்திநிற்கும் முள்ளந்தண்டின் முனைகளில் தட்டாதவாறு இடைவெளி விடப்பட்ட பிளாஸ்டிக் உறையொன்றினுள் அது பொருத்தப்பட்டிருந்தது. செயலியைத் தரவிறக்கம் செய்யும் பெற்றோரிடம் அந்த உறை இருக்கப் போவதில்லை.

இதைவிட முக்கியமான விடயம், இவ்வாறு அளக்கப்படுவது முள்ளந்தண்டின் வளைவே அன்று என்பதாகும். தொலைபேசி காட்டுவது உடற்பகுதி முறுகியிருக்கும் கோணத்தை. வளைவின் கோணமோ 1948இல் ஜோன் கொப் வகுத்த முறைப்படி எக்ஸ் கதிர்ப் படத்தில் அளக்கப்படுவது. அது 10 பாகையை எட்டினாலே ஸ்கோலியோசிஸ் என்று கொள்ளப்படும். உடல் முறுக்கம் 7 பாகை ஆகும்போது நிபுணரிடம் அனுப்புதல் பொதுவான வழக்கம். எல்லையை 5 பாகையாகக் குறைத்தால் எவ்விதச் சிகிச்சையும் தேவைப்படாத பிள்ளைகள் பலர் எக்ஸ் கதிர் அறையின் முன் வரிசையில் நிற்க நேரிடும். அது அற்ப விடயமன்று. முற்காலத்தில் ஸ்கோலியோசிஸுக்காகத் திரும்பத்திரும்ப எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்பட்ட 5,573 அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வு, அவர்களிடையே மார்புப் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்க்கப்பட்டதிலும் சுமார் 70 வீதம் அதிகமாக இருந்ததை வெளிப்படுத்தியது. இன்றைய கருவிகளின் கதிர்வீச்சு மிகக் குறைவு என்பது உண்மையே. எனினும் காரணமின்றிப் படம் எடுப்பதற்கு அது அனுமதியாகாது.

புள்ளி வழங்கும் செயலிகளின் நிலை வேறு. குனிந்து தொலைபேசி பார்ப்பவரின் கழுத்தில் 27 கிலோகிராம் சுமை ஏறுகின்றது என்று உலகெங்கும் பரவிய செய்தி, 2014இல் வெளியான கணினி மாதிரிக் கணக்கீடு ஒன்றிலிருந்து வந்ததாகும். அது உயிருள்ள மனிதர்களில் அளந்து பெறப்பட்டதன்று. பிரேசிலில் 18 முதல் 21 வயது வரையான 150 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அவ்வாறு குனிவதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு காணப்படவில்லை. மேலும் இத்தகைய செயலிகள் சில கமராவினால் முதுகைப் படம் பிடிக்குமாறு கோருகின்றன. பதின்ம வயதுச் சிறுமியின் வெறும் முதுகின் படம் எந்த நாட்டின் எந்தக் கணினியில் சேமிக்கப்படும் என்று பெற்றோர் முதலில் கேட்க வேண்டும். சரிவை மட்டும் அளக்கும் செயலிக்குப் படமே தேவையில்லை.

அப்படியாயின் இத்தொழில்நுட்பத்தைப் புறக்கணித்துவிடலாமா? முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2013இல் வெளியான பரிசோதனையில், உடற்பட்டி அணிந்தவர்களில் 72 வீதமானோரின் வளைவு சத்திரசிகிச்சையை நாடும் எல்லையை எட்டாமல் நின்றது. அணியாதோரில் இது 48 வீதமே. பட்டியை அணிந்திருந்த மணித்தியாலங்கள் கூடக்கூடப் பலனும் கூடியது. பட்டி பயன்தருவது வளர்ச்சி முடியுமுன்னரே என்பதால் காலம் கடந்த கண்டுபிடிப்பு பயனற்றதாகிவிடுகின்றது. 2004இல் பாடசாலைப் பரிசோதனையை எதிர்த்த அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் செயலணி, 2018இல் அந்த எதிர்ப்பைக் கைவிட்டு, ஆதரிக்கவோ மறுக்கவோ சான்றுகள் போதா என்ற நிலைக்கு வந்தது.

இலங்கையில் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறும் ஒழுங்கு ஏற்கெனவே உள்ளது. சிறுமியரை 10, 12 வயதுகளிலும் சிறுவரை 13 அல்லது 14 வயதிலும் பார்க்கவேண்டும் என்பது அமெரிக்க நிபுணர் அமைப்புகளின் பரிந்துரை. தரம் 7 மாணவிக்கு வயது 12. சிறுவரின் வயதோ தரம் 7க்கும் 10க்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் விழுந்துவிடுகின்றது. உறையிட்ட ஒரு தொலைபேசியையும் முறையாகப் பயிற்றப்பட்ட ஒருவரையும் இப்பரிசோதனையில் சேர்த்துக்கொள்வதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. செலவும் சிரமமும் அதன் பின்னரே தொடங்கும். தரம் 7இல் 6 பாகை பதிவாகும் சிறுமியை ஆறு மாதங்களின் பின் மீண்டும் அளப்பவர் யார், 8 பாகை பதிவாகுபவளை எந்த வைத்தியசாலையின் எந்தச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவது, பட்டி தேவைப்பட்டால் அதன் விலையைக் கொடுக்கவியலாத குடும்பம் என்ன செய்வது ஆகியவற்றைச் சுகாதார, கல்வி அமைச்சுகள் தீர்மானித்த பின்னரே தொலைபேசியைப் பாடசாலைக்குள் கொண்டுசெல்ல வேண்டும்.