டாக்டர் சீட்ல உட்காருங்க!

ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. நீங்க பி.காம். படிக்கிறீங்களோ, மெக்கானிக்கல் படிக்கிறீங்களோ, கவலை வேண்டாம். அடுத்த பத்து நிமிஷத்துக்கு நீங்கதான் டாக்டர். தண்டையார்பேட்டையில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் சின்னதா ஒரு கிளினிக். மணி ராத்திரி எட்டரை. வெளியே பெஞ்சில் முப்பது பேர் காத்திருக்காங்க.

உள்ளே ஒரு அம்மா வர்றாங்க. வயசு 48. வீடு திருவொற்றியூர். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத் தெருவா விற்கிறவங்க. ஆறு வாரமா இருமல். சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல். ஜாக்கெட் எல்லாம் லூஸாகிப் போச்சுன்னு சொல்றாங்க. கூடவே காலேஜ் படிக்கிற மகள். (கற்பனை கேஸ்தான், யாரும் பதற வேண்டாம்.)

என்ன செய்வீங்க டாக்டர்?

"டி.பி.யா இருக்குமோ?" என்று உங்களுக்குத் தோணியிருந்தா சபாஷ். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் டி.பி. டெஸ்ட் எடுக்கணும் என்பதுதான் நம்ம நாட்டு விதி. சளியைக் கொடுத்தாச்சு. ரிசல்ட்: கிருமி இல்லை. எக்ஸ்-ரே எடுத்தாச்சு. வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு நிழல். டி.பி.க்கும் பிடிச்ச இடம் அதுதான். புற்றுநோய்க்கும் அதே இடம் பிடிக்கும். அதுதான் சிக்கல்.

இப்போ மூணு வழி. இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். கிருமி தெரியாவிட்டாலும் டி.பி. மாத்திரையை ஆரம்பிச்சுப் பார்க்கலாம். இல்லை, ஸ்டான்லிக்கு அனுப்பி சி.டி. ஸ்கேன், பயாப்சி என்று போகலாம்.

அவசரப்படாம யோசிங்க. நீங்க யோசிக்கிற கேப்பில் ஒரு சின்ன ஃபிளாஷ்பேக்.

விமானம் ஓட்டக் கத்துக்கிறவங்களுக்கு, தரையிலேயே ஆடுகிற பொம்மை விமானம் ஒன்றை அமெரிக்காவில் 1929-லேயே எட்வின் லிங்க் என்பவர் செய்துவிட்டார். தப்பா ஓட்டினாலும் யாரும் சாகமாட்டாங்க. இந்த யோசனை மருத்துவத்துக்கு வரப் பல வருஷம் ஆச்சு. 1960-ல் நார்வேயில் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டல் என்பவர், வாயில் காற்று ஊதி உயிர் கொடுக்கப் பழகுவதற்கு ஓர் ஆளுயரப் பொம்மையைச் செய்தார். 1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். நல்லா இருக்கிற ஒரு பெண்ணுக்கு நோயாளி மாதிரி நடிக்கச் சொல்லிக் கொடுத்து, மாணவர்கள் முன்னால் உட்கார வைத்துவிட்டார். 'இதென்ன டிராமா?' என்று அப்போது சக டாக்டர்களே முகம் சுளித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் அது சாதாரணம். இப்போ கம்ப்யூட்டரிலும் நோயாளி வந்தாச்சு. கேஸைப் படிக்கணும், கேள்வி கேட்கணும், டெஸ்ட் எழுதணும், மருந்தைத் தேர்ந்தெடுக்கணும். நாம் எடுத்த முடிவின் பலன் அடுத்த ஸ்கிரீனில் வந்து நிற்கும். இதுதான் சிமுலேஷன். நம்ம ஊரிலும் 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியபோது, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இப்படிப் பழகுவதற்கென்று தனி லேப் இருந்தே ஆகணும் என்று விதி வந்துவிட்டது.

சரி, கிளினிக்குக்கு வருவோம். பெஞ்சில் இருக்கிற முப்பது பேரும் முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. என்ன முடிவு?

நிறையப் பேர் இரண்டாவது வழியைத்தான் எடுப்பீங்க. அதில் கேலி பண்ண ஒண்ணுமில்லை. இந்தியாவில் ஒரு வருஷத்துக்கு டி.பி. வருகிறவர்கள் சுமார் 28 லட்சம் பேர். நுரையீரல் புற்றுநோய் புதிதாக வருகிறவர்கள் சுமார் 80 ஆயிரம். இருமிக்கொண்டு வருகிறவருக்கு டி.பி.தான் என்று பந்தயம் கட்டினால் ஜெயிக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா தோற்கிற பந்தயத்தில் தோற்பது டாக்டர் இல்லை.

மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஸ்கிரீன் மாறுது: 'எட்டு வாரம் கழித்து.' அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குது. நாலு படி ஏற முடியலை. நுரையீரலைச் சுற்றி நீர். அந்த நீரை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் செல்கள். நீரிலேயே செல் வந்துவிட்டால் அது நாலாம் நிலை. அறுவை சிகிச்சைக்கான கதவு மூடியாச்சு.

சிமுலேஷனில் ரிவைண்ட் பட்டன் உண்டு. அமுக்கி மூன்றாவது வழியை எடுத்தால், அதே அம்மாவுக்கு மூன்று சென்டிமீட்டர் கட்டி, பரவவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்று ஸ்கிரீன் காட்டும். இரண்டு ஸ்கிரீனுக்கும் நடுவில் எட்டு வாரம். திருவொற்றியூரில் எந்த வீட்டிலும் இந்த பட்டன் கிடையாது. அதனால்தான் டாக்டர்கள் இங்கே தப்பு பண்ணிப் பழகணும் என்கிறேன். டி.பி. என்று பல மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு புற்றுநோய் என்று தெரிய வருவது, இந்தியாவில் இந்த நோயைப் பார்க்கும் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை.

இன்னொரு பொறி இருக்கு. நீங்க அந்த அம்மாகிட்ட "பீடி, சிகரெட் பழக்கம்?" என்று கேட்டிருப்பீங்க. "அய்யே, என்ன தம்பி..." என்று சிரிச்சிருப்பாங்க. உடனே புற்றுநோயை மனசிலிருந்து அடிச்சிருப்பீங்க. தொடாதவர்களுக்கும் வரும் ஃப்ரெண்ட்ஸ். அதுவும் ஆசியப் பெண்களில் இப்படி வருவது கணிசம். எங்கே இருக்கீங்க, என்ன வேலை, பக்கத்தில் என்ன ஃபாக்டரி, எந்த அடுப்பு என்று கேட்கணும். டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலின் முதல் வரிசையில் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டினவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராயபுரத்துக்காரர்கள் கோர்ட் வரைக்கும் கொண்டுபோன நிலக்கரித் தூசி, 2011-ல் ஹைகோர்ட் உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போச்சு. போன இடம்? எண்ணூர்! இந்த அம்மாவுக்கு வந்தது அதனால்தான் என்று யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கேட்காம விடுகிற டாக்டருக்கு சிமுலேஷனில் மார்க் குறையும், குறையணும்.

நாலாம் நிலை என்றதும் ஆட்டம் முடிஞ்சதா? இல்லை. பழைய கேஸ் புத்தகமாக இருந்தால் "கீமோ கொடுங்க" என்று முடிந்திருக்கும். இப்போ முதலில் கேட்க வேண்டியது, அந்தச் செல்லில் எந்த மரபணு மாறியிருக்கு என்பது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியிருந்தால், தினம் வீட்டிலேயே போட்டுக்கொள்கிற மாத்திரை உண்டு. இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. சும்மா போட்டுப் பார்க்கலாமே என்று நினைச்சா அதுவும் ஆபத்து. 2009-ல் வெளிவந்த ஆசிய ஆய்வு ஒன்றில், மாற்றம் இருந்தவர்களுக்கு இந்த மாத்திரை கீமோவை விட நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கு நிலைமை தலைகீழ். கீமோ கொடுத்தவர்களை விட மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது. மகள் "உடனே ஏதாவது பண்ணுங்க டாக்டர்" என்று அழுகிறாள். ரிசல்ட் வர நாள் பிடிக்கும். காத்திருப்பீங்களா?

காத்திருந்து, மாற்றம் இருக்குன்னு தெரிஞ்சு, மாத்திரையும் கொடுத்தாச்சு என்று வெச்சுக்குவோம். வெளிநாட்டு கேஸ்களில் அதிகம் பார்க்க முடியாத ஒரு கண்ணி இங்கேதான் இருக்கு. அந்த டி.பி. மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்களா? அதில் உள்ள ரிஃபாம்பிசின் (சிறுநீரை ஆரஞ்சு கலராக்குமே, அதேதான்) புது மாத்திரையின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் புது மாத்திரை போட்டும் போடாத மாதிரிதான்.

அடுத்த ஸ்கிரீன். இரண்டு வாரத்தில் முகமெல்லாம் பரு மாதிரி பொரிப்பொரியா வந்திருக்கு. இந்த மாத்திரைக்கு அது வழக்கமான பக்க விளைவுதான். ஆனா பக்கத்து வீட்டுப் பாட்டி "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. முன்கூட்டியே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? லாஸ் ஏஞ்சல்ஸில் எழுதின கேஸில் வேப்பிலை வராது.

என் கருத்து இதுதான். இன்டர்நெட்டில் கிடைக்கும் நுரையீரல் புற்றுநோய் சிமுலேஷன்களில் நிறைய, புற்றுநோய் நிபுணர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் சிலவற்றுக்கு மருந்துக் கம்பெனிகளே பண உதவி செய்கின்றன. விலை உயர்ந்த இரண்டு மருந்தில் எது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. தப்பில்லை, அதுவும் வேணும். ஆனா நம்ம ஊர் கேஸ் கோட்டை விடப்படுவது அங்கே இல்லை. அந்த ராத்திரி எட்டரை மணி கிளினிக்கில். பழைய ஆளுங்க 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்கிற ஸ்டான்லிக்கோ, ஓட்டேரி மார்பு நோய் ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே. முதல் கேஸ் அந்த முதல் டாக்டருக்குத்தான் எழுதப்படணும். அதில் முப்பது பேர் பெஞ்சும் இருக்கணும். "காலையில ஏலத்துக்குப் போகலைன்னா அன்னிக்கு வருமானம் போச்சு, ஸ்கேனுக்கு எப்படி வர்றது?" என்ற கேள்வியும் இருக்கணும்.

கடைசி ரவுண்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நடிக்கிற ஆள்தான். மகள் உங்களைத் தனியா ஓரமாக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்கிறாள். ஸ்கிரீனில் மூன்று வழி வராது, வாயைத் திறந்து பேசணும். அம்மாவுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறாங்க என்று முதலில் கேட்கணும். பிறகுதான் விஷயம். சொன்ன பிறகு கொஞ்சம் சும்மா இருக்கணும். கெட்ட செய்தி சொல்வதற்கென்றே ஆறு படி முறை ஒன்று 2000-ல் அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்கள் எழுதி வெச்சிருக்காங்க. படிச்சா ஐந்து நிமிஷம். எதிரில் ஒரு பெண் அழும்போது செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

எல்லாம் முடிஞ்சதும் உட்கார்ந்து பேசுவாங்க. ஆட்டத்தை விட இந்தப் பேச்சுதான் நீளம். "ஏன் தப்பு பண்ணே?" என்று கேட்க மாட்டாங்க. "அந்த நிமிஷம் மனசில் என்ன ஓடுச்சு?" என்றுதான் கேள்வி. நடித்தவரும் வாயைத் திறப்பார். "நீங்க பேசினது எல்லாம் சரி டாக்டர். ஆனா ஒரு தடவைகூட என்னைப் பார்க்கலையே."

அந்த மகள் ரோலுக்கு மருத்துவம் படிச்சிருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிறாங்க. உங்க காலேஜ் டிராமா கிளப்புக்கும் பக்கத்து மருத்துவக் கல்லூரிக்கும் நடுவில் அதிகம் போனால் ஒரு பஸ் ஸ்டாப் தூரம்தான் இருக்கும். கல்ச்சுரல்ஸ் முடிஞ்சு சும்மா இருக்கும் மாசத்தில் போய்க் கேட்டுப் பாருங்களேன்.