கடற்கரையில் கலகலா

கிறிஸ்துமஸ் என்றால் நமக்கு மார்கழிப் பனிதான். பரங்கிமலையில் நடுராத்திரிப் பூசை முடிந்து, காதைச் சுற்றி மஃப்ளருடன் ஆதம்பாக்கம் வந்து சேருவோம். 2022-இல் சிட்னியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம், அம்மா, நான், என் சின்னவன். அங்கே டிசம்பர் கோடைகாலமாம்! தங்கை கணவர் அந்த ஊர்க்காரர். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் அம்மா அவரிடம் நேராகப் பேசினதில்லை. "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று தங்கை மூலமாகத்தான் எல்லாம்.

அவர்கள் வழக்கப்படி பகல் சாப்பாடு மேன்லி கடற்கரையில். ஐஸ் பெட்டியில் குளிர்ந்த இறால், ஹாம், முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் சுட்டு மேலே க்ரீமும் பழமும் வைத்த பாவ்லோவா. அம்மாவோ விடியற்காலையிலேயே மட்டன் பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டாள். முந்தின நாளே கலகலா தயார். (மைதா, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை பிசைந்து, சின்ன உருண்டைகளை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரிப்பது.) பிரியாணியையும் ஐஸ் பெட்டியில் வைக்க மாப்பிள்ளை கை நீட்ட, அம்மா முகம் மாறிவிட்டது. சமைத்த கறி 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தோ இருக்கணும், நடுவில் கிடந்தால் கிருமி பெருகும் என்றாள் தங்கை. கடைசியில் கொதிக்கக் கொதிக்க ஹாட்பாக்ஸில் போயிற்று.

பெசன்ட் நகரில் அலையைக் கண்டால் பயப்படுகிற பிள்ளை சின்னவன். அலையே இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினான். நானும் பத்திரம் என்றே நினைத்தேன். மாப்பிள்ளை தட்டைப் போட்டுவிட்டு ஓடி, இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை இழுத்து வந்தார். அலை உடையாமல், கறுத்து, அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் தண்ணீர் உள்நோக்கி இழுக்குமாம். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்கணுமாம். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்கணும். எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்குக் கட்டியது. அது கண்முன் வந்து எனக்குக் கைகால் நடுங்கிற்று.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஹாட்பாக்ஸைத் திறந்து, நல்ல கறித்துண்டாகப் பொறுக்கித் தட்டில் வைத்து, "மாப்பிள்ளை, நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்றாள், தமிழில்தான். அவர் பதிலுக்குப் பாவ்லோவாவில் பெரிய துண்டாக வெட்டி அம்மாவிடம் நீட்டினார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி! நான் தடுக்கவில்லை. ராத்திரி மாத்திரையை மட்டும் மறக்காமல் எடுத்துக் கொடுத்தேன்.