யாரைக் கேட்டு எழுதிய விதி?

சோழர் காலத்துக் கோயில்கள் கடனும் கொடுத்தன. தஞ்சைப் பெரிய கோயில் ஊர்ச்சபைகளுக்குக் காசை முதலாகக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி பெற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவ்வட்டி நியாயமா என்பது வேறு வழக்கு. விதி ஊரறியச் சுவரில், தமிழில் இருந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

இன்று பெண்ணாடத்துக் கரும்பு விவசாயிக்கும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரருக்கும் கடன் கொடுக்கும் வங்கிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளின் வேர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. 1974-இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி சரிந்தபின், செல்வ நாடுகள் சிலவற்றின் மைய வங்கி ஆளுநர்கள் அமைத்த குழு அது. அதன் முதல் உடன்பாடு 1988-இல் வந்தது. இந்தியா 1992 முதல் அதைப் பின்பற்றலாயிற்று. குழுவில் நமக்கு இருக்கை கிடைத்ததோ 2009-இல்தான். பதினேழு ஆண்டுகள் பந்திக்கு வெளியே நின்று, பரிமாறியதை உண்டோம்.

தன் முடிவுகளுக்குச் சட்ட வலிமை இல்லை என்று அக்குழுவே சொல்கிறது. ஆயினும் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையாக அவை இங்கு வந்திறங்கும்போது ஆணையாகிவிடுகின்றன. பாசல் கேட்பது 8 விழுக்காடு மூலதனம். நம் ரிசர்வ் வங்கி கேட்பது 9. 2013 ஏப்ரலில் இங்கு நடைமுறைக்கு வந்த பாசல்-3 விதிகளின் கணக்கில், உச்ச தரமதிப்பீடு பெற்ற பெருநிறுவனத்துக்கு 100 ரூபாய் கொடுக்க வங்கி ஒதுக்க வேண்டிய குறைந்தபட்ச மூலதனம் 1 ரூபாய் 80 காசு. சில்லறைக் கடன் பிரிவில் வரும் சூளைக்காரருக்கு 6 ரூபாய் 75 காசு. இந்த வேறுபாட்டை எந்தத் தேர்தல் மேடையிலும் நாம் கேட்டதில்லை.

மாறாக, 2017 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த நிதித் தீர்வு, வைப்புக் காப்பீட்டு மசோதாவை நினைத்துப் பார்ப்போம். வங்கி நொடித்தால் காப்பீட்டு வரம்பை மீறிய சேமிப்பிலும் கைவைக்கலாம் என்ற அதன் பிரிவுக்கும் மூலம் வெளியில்தான்: ஜி-20 நாடுகள் 2011-இல் ஏற்ற நெறிகள். ஆனால் அது மசோதாவாக வந்தது. மக்கள் அஞ்சினர், எதிர்த்தனர். 2018 ஆகஸ்டில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. சுற்றறிக்கையாக வந்திருந்தால்?

ஒவ்வொரு விகிதத்தையும் நாடாளுமன்றம் வாக்கெடுத்து முடிவு செய்ய இயலாது என்பர். உண்மை. கட்சிக்காரர் கைக்கு வங்கிக் கணக்கு போவதை நாமும் விரும்பவில்லை. ரிசர்வ் வங்கி வரைவுகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நிபுணர் மொழியில் கேட்ட கேள்விக்கு நிபுணரே விடையளிப்பர். பாசலில் நம் பிரதிநிதி ஒப்புமுன், அது யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை என்ற விளக்கம் அவையில் வைக்கப்படட்டும். மாநில மொழிகளிலும் வரட்டும்.

கல்லில் வெட்ட வேண்டாம். காகிதத்தில் தமிழில் தந்தால் போதும். படித்துச் சண்டையிட நமக்குத் தெரியும்.