"டேட்டா சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் சேர்மாருக்கு

போன மாதம் ஒரு புதன்கிழமை. மூடுபனியில் எதிரே இருக்கும் ஸ்டேஷன்கூடத் தெரியவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்த ஒரு தாய், ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வேண்டாம் என்று சொன்னாலும் கழற்றுவார்கள். கையிலிருந்த போனை நீட்டி, "சேர், இதுல எங்க புள்ள பேரு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் வந்த கோப்பு அது. உதவிப்பணம் கிடைக்கும் பிள்ளைகளின் பட்டியல் என்று மேலே ஒரு வரி. அதற்குக் கீழே சுருள் அடைப்பு, சதுர அடைப்பு, மேற்கோள் குறி, காற்புள்ளி, பாதி விழுங்கிய ஆங்கிலச் சொற்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் பின்சாய்கோடு, யூ, சுழியம், பி, எட்டு, ஐந்து... இப்படியே ஒரு முழம். கணினி படிப்பிக்கிற எங்களுக்கே தலை சுற்றியது. கடைசியில் பிள்ளையின் சேர்விலக்கத்தை வைத்துத்தான் தேடிப் பிடித்தோம். அந்தக் கோப்பில் மனிதன் வாசிக்கும்படி தப்பியிருந்தவை இலக்கங்கள் மட்டும்தான்.

பிள்ளை இருந்தாள். ஆனால் "பெண்டிங்" என்று போட்டிருந்தது. தந்தை பெயர் என்ற இடத்தில் "நல்". தமிழில் எழுதினால் நல்லது போலத் தெரிகிறது. கணினி பாஷையில் அதற்கு "ஒன்றுமில்லை" என்று அர்த்தம்.

அனுப்பிய அலுவலகம் எது என்று இங்கே எழுதப்போவதில்லை, சண்டை ஓர் அலுவலகத்தோடு இல்லை. போன் எடுத்தோம். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "டேட்டா சரியாத்தான் இருக்கு சேர். சிஸ்டத்துல இருந்து அப்படியே எடுத்து அனுப்பினது."

அந்த "அப்படியே" மீதுதான் எங்களுக்குக் கோபம்.

ஒரு புரோகிராம் தன் வேலைக்காகத் தகவலை அடுக்கி வைத்திருக்கும் விதம் வேறு. பாடசாலைக்குள் வகுப்பு, வகுப்புக்குள் மாணவர், மாணவருக்குள் விபரங்கள் என்று பெட்டிக்குள் பெட்டி. அதை உள்ளே இருக்கிறபடியே வெளியே கொட்டிப் பார்க்கும் வசதி பல மொழிகளில் உண்டு. பி.எச்.பி.யில் பிரின்ட்-ஆர், வார்-டம்ப். பேர்ளில் டேட்டா டம்பர். எழுதுபவர் தன் பிழையைத் தானே தேடுவதற்குச் செய்துவைத்த வசதிகள் அவை. உலை கொதிக்கும்போது அகப்பையில் இரண்டு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோமே, அது போல. அந்த அகப்பையை யாரும் விருந்தாளியின் இலையில் வைப்பதில்லை. பிரின்ட்-ஆர் தருவதை பிரௌசரில் அப்படியே விட்டால் இடைவெளியும் வரிமுறிவும் நசுங்கி எல்லாம் ஒரே பத்தியாகிவிடும். "பிரீ" டேக்குக்குள் வைத்தால் வரிகளாவது மிஞ்சும். சில பக்கங்களில் பெயரே வராமல் "ஒப்ஜெக்ட் ஒப்ஜெக்ட்" என்று மட்டும் வரும். பார்த்திருப்பீர்கள்.

தமிழுக்கு நடந்தது இன்னும் மோசம். பைதனில் ஜேசன் எழுதும் கட்டளை, ஆங்கில எழுத்து அல்லாத எதையும் குறியீடாக மாற்றுவதையே இயல்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஆறு எழுத்து. "செல்வி" என்ற பெயர் 36 எழுத்து நீளக் கோடாகிவிடும். அதை நிறுத்த "என்ஷூர் ஆஸ்கி" என்ற ஒரேயொரு அமைப்பை "ஃபோல்ஸ்" ஆக்கினால் போதும். ஒரே ஒரு சொல்! அதைத் தட்ட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இது புதிய நோயும் இல்லை. பாமினி காலத்தை மறந்துவிட்டோமா? திரையில் "அம்மா" என்று தெரியும். உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அம்மா காணாமல் போவார். யுனிகோடில் தமிழ் 1991 இலேயே ஏறிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் எங்கள் பெயர்கள் ஏதாவது ஒரு குழாயில் நுழைந்து குப்பையாக வெளியே வருகின்றன. எங்கள் வீட்டுப் பெயர்களுக்கும் இதே கதிதான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தவர், வாப்பாவின் பெயரை முன்னால் போடுகிறவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை. வங்கியில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர் என்று அலைகிறோம்.

இனி எங்களை நாங்களே திட்ட வேண்டிய இடம். உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் லிஸ்ட், டியூப்பிள், டிக்‌ஷனரி ஓர் அலகில் வருகிறது. எச்.டி.எம்.எல். இன்னோர் அலகில் வருகிறது. நாங்கள் இரண்டையும் இரண்டு கொப்பியில் எழுதவைக்கிறோம். டிக்‌ஷனரியைப் பிரின்ட் பண்ணி, சுருள் அடைப்போடு விடை வந்தால் சரி போடுகிறோம். டேபிள் டேக்கைப் பாடமாக்கி, மா, பலா, வாழை என்று மூன்று வரி போட்டால் அதற்கும் சரி. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாலம் கட்டு என்று ஒரு பிள்ளையிடமும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைதான் நாளை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து "அப்படியே" அனுப்புகிறது. யாரைக் குறை சொல்ல?

அந்தப் பாலம் பெரிய வித்தையும் இல்லை. அன்று பின்னேரமே 12 ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதே கோப்பைக் கொடுத்தோம், பெயர்களையும் இலக்கங்களையும் மாற்றிவிட்டு. பெட்டியின் வகையைப் பார், அதற்கேற்ற டேக்கைப் போடு என்றோம். ஒரே மாதிரியான பதிவுகள் வரிசையாக வந்தால் டேபிள், ஒரு பதிவுக்கு ஒரு வரி. ஒருவரைப் பற்றிய விபரமும் அதன் பெறுமதியும் என்றால் டி.எல். டேக். வெறும் பெயர் வரிசை என்றால் யூ.எல். பாடசாலையும் வகுப்பும் தலைப்புகள். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வந்தால்? ஒரு பிள்ளை கையைத் தூக்கியது: "அதே ஃபங்ஷன அதுக்குள்ளயே திரும்பக் கூப்பிடலாமே மிஸ்." ரிகர்ஷன் என்று கரும்பலகையில் எழுதி இரண்டு வருடமாக நாங்கள் விளங்கவைக்க முடியாதது, அன்று அரை மணித்தியாலத்தில் விளங்கியது. யூடிஎஃப்-8 என்று மேலே ஒரு வரி. மொழி தமிழ் என்று ஒரு வரி. பெயருக்குள் சிறிது-பெரிது குறியோ அண்ட் குறியோ வந்தால் பக்கம் உடையாதபடி மாற்றி எழுதுவது. அவ்வளவுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது? அந்தக் கோப்பில் தாயின் அடையாள அட்டை இலக்கம் இருந்தது, போன் இலக்கம் இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. அப்படியே கொட்டியதில் அத்தனையும் முழுத் தோட்டத்துக்கும் போயிருந்தது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்ததெல்லாம் கொழும்புக்கு மட்டும்தானா? வரிசைப்படுத்தினால் இன்னொரு சிக்கல். யுனிகோட் எண் வரிசையை நம்பினால் ஜெயந்தி ஞானத்துக்கு முன்னால் வந்து நிற்பாள், "ன" "ப"வுக்கு முன்னால் வரும். அகரவரிசை பழகிய கண் தேடுகிற இடத்தில் பெயர் இருக்காது.

பிறகு அந்த "நல்". வெறுமையாக விடலாம் என்றது ஒரு பிள்ளை, கோடு போடலாம் என்றது இன்னொன்று. நாங்கள் விடவில்லை. மலையகத்தில் ஒரு வெற்றுக் கட்டத்துக்கு என்ன விலை என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தான் என்பதற்குக் கடதாசி கேட்டது. கடதாசி இல்லாதவர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே "பதிவில் இல்லை" என்று தமிழில், கண்ணில் படுகிற மாதிரி எழுதச் சொன்னோம்.

படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்பினால் போதாதா என்று ஒரு சேர் கேட்டார். படத்துக்குள் பெயரைத் தேட முடியாது. கண் தெரியாதவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. சின்னத் திரையில் இழுத்து இழுத்துப் பார்த்து வரி மாறிவிடும். இன்னொருவர், இந்தச் சனங்கள் கொஞ்சம் ஆங்கிலம் படிக்கட்டுமே என்றார். படிக்கட்டும், நல்லது. ஆனால் சேர், அந்தக் கோப்பில் இருந்தது ஆங்கிலமா? "எஃப், டி, எச், கீழ்க்கோடு, என், எம்" என்பதை தந்தை பெயர் என்று எந்த ஆங்கில டீச்சர் படிப்பிப்பார்? 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. கோப்புக்குள் தமிழ் இருந்தால் போதாது, வாசிக்கிறவரின் கையில் தமிழாக வந்து சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாயை வரச்சொல்லி, அவருடைய பிள்ளையின் பதிவை மட்டும் அவருடைய போனிலேயே திறந்து காட்டினோம். எழுத்துக்கூட்டி வாசித்தார். பெயர். வகுப்பு. "தந்தை பெயர்: பதிவில் இல்லை." "நிலை: தந்தை விபரம் கிடைக்கும்வரை நிறுத்தப்பட்டுள்ளது." இரண்டாம் தடவை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப இத எங்க போய் எழுதிக் குடுக்கணுங்க சேர்?"

முதல் நாள் அவரால் கேட்க முடியாமல் போன கேள்வி. படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினோம், பிறப்புச் சான்றிதழின் பிரதியும் வைத்து. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.