பரணில் கிடக்கும் கேமரா ஸ்டாண்டுக்கு வயலில் வேலை உண்டா?

கேள்வி: ‘‘என் மகன் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது. இப்போது மறைமலை நகரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். அவன் வாங்கிய அலுமினிய ட்ரைபாட் பரணில் கிடக்கிறது. ஒன்றரை ஏக்கரில் சம்பா நட்டிருக்கிறோம். மோட்டார் கொட்டகையிலிருந்து வயர் இழுத்து, அந்த ஸ்டாண்டில் குண்டு பல்பு கட்டி விளக்குப்பொறி வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா? வேறு எதற்காவது ஆகுமா?’’

- திருக்கழுக்குன்றம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: அம்மா, முதலில் வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்துங்கள். விளக்குப்பொறி நல்ல யோசனைதான். அந்த வயர்தான் வேண்டாம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். அடியில் தண்ணீர்த் தட்டு, சுற்றிலும் ஈர வரப்பு, வெறுங்கால். வயரில் எலி கடித்த இடம் ஒன்று இருந்தால் போதும், ஸ்டாண்டைத் தொட்டவர் கதி அவ்வளவுதான். காலில் ரப்பர் குப்பி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சேறு பட்டால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு வாங்குங்கள். சோலாரில் சார்ஜ் ஆவதாக இருந்தால் இன்னும் நல்லது. ஊதா கலந்த ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும். பெரும்பாலான ட்ரைபாட்களில் நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். விளக்கை அதில் தொங்கவிட்டு, மூன்று கால்களையும் நன்றாக அகட்டி, நடுவில் அகலமான பேசினை வையுங்கள். பேசினில் தண்ணீர், அதன் மேல் சில சொட்டு மண்ணெண்ணெய். மாலை 6 மணிக்கு ஏற்றி 10 மணிக்கு அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து விழும். ஒரு ஹெக்டேருக்கு ஒரு பொறி என்பது கணக்கு. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு இந்த ஒரு ஸ்டாண்டே தாராளம்.

காலையில் பேசினைப் பாருங்கள். மஞ்சள் நிற அந்து, இறக்கை நடுவில் கறுப்புப் புள்ளியோடு கிடந்தால் அது குருத்துப்பூச்சியின் பெண் அந்து. உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். வயலில் இறங்கி முட்டைக் குவியலை எண்ணுங்கள். சதுர மீட்டருக்கு 2 குவியலோ, 10 சதவிகிதம் குருத்துக் காய்ச்சலோ இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு தெளிப்புச் செலவு மிஞ்சினாலே ஸ்டாண்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

நம் கடற்கரைக் காற்று லேசுப்பட்டதல்ல. போன கார்த்திகையில் நான் கனம் கட்டாமல் விட்டு, காலையில் விளக்கைச் சேற்றிலிருந்து பொறுக்கினேன். ஒவ்வொரு காலடியிலும் ஒரு மணல் பையைக் கட்டுங்கள். மண் இளகியிருந்தால் காலுக்கு அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று கொடுங்கள்.

இனக்கவர்ச்சிப் பொறிக்கும் இது பொருந்தும். பொறி எப்போதும் பயிருக்கு ஓர் அடி மேலே நிற்க வேண்டும். பயிர் வளர வளர நடுத்தண்டை ஏற்றிக்கொண்டே போகலாம். மூங்கில் குச்சியில் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டும் தொல்லை இல்லை. ஆனால் ஏக்கருக்கு 2 பொறியாவது வேண்டும் என்பதால் மற்றதற்கு மூங்கில்தான்.

இன்னொரு வேலை, மட்டம் பார்ப்பது. கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். டியூபின் ஒரு முனையை ஸ்டாண்டில் கட்டிவிட்டால் ஒருவரே வயல் முழுக்க நடந்து பார்த்துவிடலாம். மூன்று கால் என்பதால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும்; நான்கு கால் ஸ்டூல் வரப்பில் அப்படி நிற்காது. களத்தில் மூன்று மூங்கிலைக் கட்டிச் சல்லடை தொங்கவிட்டவர்களுக்கு இது புதிதல்ல. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏழரை மைலுக்கு அடிக்கோடு அளந்தபோதும், 100 அடிச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அவற்றை முக்காலிகள் மேல்தான் மட்டம் செய்தார்.

தலையில் இருக்கும் திருகு கால் அங்குலம். அதே அளவு நட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கிப் பலகையில் பதித்தால் சின்ன மேஜை. இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். தராசு தொங்கவிட்டு மூட்டை நிறுக்கும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். ஈன்ற மாடு படுத்துவிட்டு, மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றும்போது பாட்டில் தொங்கவிட இது போதும். நிற்கும் மாட்டுக்கு உயரம் பற்றாது.

மாமல்லபுரம் கோயில்களுக்குள் ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். உங்களுக்கு மகனின் அனுமதி போதும். ஆனால் அதைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர் காசு போட்டு வாங்கியது. நாளைக்கே திரும்பவும் கேமராவை எடுக்கலாம். தலைப்பகுதி தனியாகக் கழன்று வந்தால் அதைத் துணியில் சுற்றிப் பரணிலேயே வைத்துவிட்டு, கால்களை மட்டும் வயலுக்குக் கொண்டுபோங்கள். உப்புக்காற்றில் திருகுகள் இறுகிவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.