வட்டியில்லாக் கடனும் வன்னிப் பிள்ளையும்

அண்மையில் பரந்தனுக்கு அப்பால் உறவினர் வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். அயலில் வசிக்கும் தாயொருவர் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். மகன் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறான். இசட் புள்ளி போதாமையால் அரச பல்கலைக்கழகம் கிட்டவில்லை. கொழும்புப் பக்கத்துத் தனியார் நிறுவனம் ஒன்றில் மின்பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் படிக்கலாமாம். அதற்கு அரசாங்கமே கடன் ஒழுங்கு செய்கிறதாம்.

"வட்டி இல்லைத்தானே அண்ணை, பிறகென்ன பயம்?" என்றார்.

பயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

வன்னியில் கடன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வட்டிதான். 2009க்குப் பின் வெறுங்கையோடு மீளக்குடியேறிய குடும்பங்களின் வாசலுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. பிறகு தவணை கேட்டு வாராவாரம் வந்தன. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. அந்தச் சூட்டைக் கண்ட தாய்க்கு, 'வட்டியில்லை' என்ற சொல் வரம்போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் வட்டி இல்லாத கடனும் கடனே.

கணக்கைப் பார்ப்போம். தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கான வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017இல் தொடங்கியபோது, கற்கைக் கட்டணத்துக்கென 8 இலட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டது. அதனை 8 ஆண்டுகளில், அதாவது 96 மாதத் தவணைகளில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், மாதம் 8,333 ரூபாய் வருகிறது. 2026 சனவரி முதல் தனியார் துறையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,400 ரூபாய் போகும். தவணையையும் கழித்தால் மிஞ்சுவது 19,267 ரூபாய். இந்தப் பணத்தில் அறை வாடகை, பேருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்து வீட்டுக்கும் அனுப்பவேண்டும். பட்டதாரி இதனிலும் கூடுதலாகப் பெறலாம், பெறவும் வேண்டும். எனினும் சட்டம் அவனுக்கு உறுதிப்படுத்துவது இவ்வளவே.

துண்டுப்பிரசுரம் சொல்லாத இன்னொரு செலவும் உண்டு. படிக்கும் நான்கு ஆண்டுகளும் பிள்ளை உழைப்பதில்லை. அதே குறைந்தபட்சச் சம்பளத்தில் 48 மாதங்களுக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய்! இழக்கும் உழைப்பு, வாங்கும் கடனிலும் பெரிது. இதற்கு மேல் தலைநகர்ப் பக்கத்தில் நான்கு ஆண்டுச் சீவியம். அதற்காகத் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போகும்; வயற்காணி உறுதி யாரோ ஒருவரின் அலுமாரிக்குள் போகும்.

அடுத்தது பட்டத்தின் பெயர். 'பொறியியல் தொழில்நுட்பம்' என்பதில் பெற்றோர் முதற்சொல்லை மட்டுமே கேட்கிறார்கள். பொறியியலாளருக்கான வாஷிங்டன் உடன்படிக்கை 1989இலும், தொழில்நுட்பவியலாளருக்கான சிட்னி உடன்படிக்கை 2001இலும் தனித்தனியே உருவாகின. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுப் பொறியியற் பேரவைச் சட்டமும் பொறியியல் தொழில் புரிவோரை வெவ்வேறு வகைகளாகவே பதிவு செய்கிறது. தொழில்நுட்பவியலாளர் தாழ்ந்தவர் என்று நான் சொல்லவில்லை. நின்றுபோன இயந்திரத்தை ஓடவைப்பவர் பெரும்பாலும் அவர்தான். ஆனால் இருவருக்கும் முன்னாலுள்ள கதவுகள் வேறு. எந்தக் கதவுக்கான திறப்பை விற்கிறோம் என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லவேண்டாமா?

ஏழைப்பிள்ளை படிக்கக்கூடாது என்கிறீரா என்று சிலர் சீறக்கூடும். போர்க்காலத்தில் மின்சாரமில்லாத வன்னியில், துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாம். அந்த மண்ணின் பிள்ளைக்கு மின்னியல் படிக்காதே என்று சொல்ல நான் யார்? இலவசக் கல்வியில் பட்டம் பெற்றவன் நான். கடன்பட்டுப் படிப்பவனைப் பழிக்கும் உரிமை எனக்கில்லை.

என் சண்டை கடனின் நிபந்தனையோடுதான். அவுஸ்திரேலியா 1989இலேயே கல்விக்கடனை வருமானத்தோடு பிணைத்தது. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டுக்குப் பின் படிப்பைத் தொடங்கியவர், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் மட்டும், தாண்டிய தொகையில் 9 வீதம் கட்டுகிறார். அங்கே வட்டி உண்டு, 40 ஆண்டுச் சுமை என்ற முறைப்பாடும் உண்டு. ஆயினும் வேலையில்லாதவனிடம் தவணை கேட்பதில்லை. நம் கடனோ நாட்காட்டியைப் பார்க்கிறது. பிள்ளையின் சட்டைப்பையைப் பார்ப்பதில்லை. வருமானம் ஓர் எல்லையைத் தாண்டும்வரை தவணை இல்லை என்று திருத்துவதற்குப் புதிய பல்கலைக்கழகம் கட்டத் தேவையில்லை. வன்னியின் பாராளுமன்றப் பிரதிநிதிகள் இதைக் கேட்டாலென்ன?

அதுவரை, வீட்டுக்கு அருகிலுள்ள வழிகளையும் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் தொழில்நுட்பக் கற்கைகள் உள்ளன. இன்னொருமுறை பரீட்சை எழுதுவது வெட்கமன்று. அதே அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின்னியல் தொழிற்பயிற்சி உண்டு. தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டத்தோடு வேலைக்குப் போகலாம். பின்னர் படிப்படியாக ஏழாம் மட்டமான பட்டம் வரை ஏறலாம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து "இஞ்சினியரிங் படி" என்று தொலைபேசியில் சொல்லும் மாமன்மாருக்கும் ஒரு வார்த்தை. ஆலோசனை சொல்வதோடு நில்லாமல், இந்தக் கணக்கையும் ஒருமுறை பிள்ளையோடு இருந்து போட்டுப் பாருங்கள்.

அந்தத் தாயிடம் ஒன்றைச் சொன்னேன்: முன்னர் படித்து வெளியேறியவர்களில் எத்தனை பேர், எங்கே, என்ன சம்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். மகன் கேட்டு எழுதினான். இன்றுவரை பதில் இல்லை. விண்ணப்ப முடிவுத் திகதியை நினைவூட்டி இரண்டு குறுஞ்செய்திகள் மட்டும் வந்திருக்கின்றன.