செடிக்கு மருந்தா, கத்தரியா?

வேலியோரம் செம்பருத்தி வளர்க்கும் நேயர்களுக்கு இது தெரிந்த சங்கதி. போகிறபடி போகட்டும் என்று விட்டால், செடி நெடுநெடுவென்று உயர்ந்து, அடியில் வெறுங் கழியும் உச்சியில் நாலு இலையுமாக நிற்கும். நுனியைக் கிள்ளிவிட்டாலோ, சில வாரங்களில் பக்கக் கிளைகள் புறப்பட்டு அடர்ந்துவிடும்.

காரணம் இதுதான். நுனியில் 'ஆக்ஸின்' என்னும் வஸ்து உண்டாகித் தண்டின் வழியே கீழிறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரையில் கணுக்களில் உறங்கும் மொட்டுகள் தலை தூக்குவதில்லை. தாத்தா கூடத்தில் இருக்கும்வரை பேரன்மார் அடங்கிக் கிடப்பதில்லையா, அதைப் போல! 1933-ல் திமன், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் அவரையினச் செடியின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்ஸினை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன.

உயரத்துக்கு வேறொரு கர்த்தா உண்டு. அதன் பெயர் ஜிப்பரெல்லின். நெற்பயிரை அளவு மீறி நெட்டையாக்கும் பூஞ்சண நோயை ஜப்பானியர் ஆராய்ந்தபோது அகப்பட்டது இது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டை நீளச் செய்வது இதன் வேலை.

இந்த இரண்டு ரகசியங்களையும் ஒட்டியே இன்றைய மருந்துகள் வேலை செய்கின்றன. டிகெகுலாக் என்பது நுனியை முடக்கிப் பக்கக் கிளைகளைக் கிளப்பும். குளோர்மெக்வாட், பாக்லோபுட்ரஸால் ஆகியவை ஜிப்பரெல்லின் உற்பத்தியைத் தடுக்கும். கணுக்கள் நெருங்கி, இலை கரும்பச்சையாகி, செடி குள்ளமாக நிற்கும்.

நர்ஸரியில் தொட்டி நிறையப் பூத்துக் குலுங்கிய குட்டைச் செம்பருத்தி, வீட்டுக்கு வந்த சில மாதங்களில் ஒட்டகம் போல் கழுத்தை நீட்டுவது இதனால்தான். மருந்தின் வேகம் தணிந்ததும் செடி தன் சுபாவத்துக்குத் திரும்பிவிடுகிறது. பாக்லோபுட்ரஸாலோ எளிதில் விலகாது. அளவு மீறினால் செடி நெடுநாள் குன்றிப்போகும்; மண்ணில் தங்கி, அடுத்து வைக்கும் செடியையும் பாதிக்கக்கூடும்.

நீண்ட வேலிகளை அடிக்கடி வெட்டக் கூலி கட்டுப்படியாகாத இடங்களுக்கு இம்மருந்துகள் உபகாரமானவை. வீட்டுத் தோட்டத்துக்குக் கத்தரி போதும். இளந் தளிருக்கு நகமே போதும். வேலியின் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்கும்படி வெட்டினால், கீழ்க் கிளைகளுக்கும் வெயில் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறடி வளரும் செடியை இரண்டடி இடத்தில் வைத்துவிட்டு மருந்துக்கு அலைவானேன்? இரண்டடியோடு நிற்கும் செடியையே தேடி வைத்தால் பணமும் மிச்சம், செடிக்கும் சுகம்.